கவர் ஒட்டும் மேசையிலிருந்து கடை வேலைக்கு: புதிய ஜாப் கோச்சுகளுக்கு ஒரு வழிகாட்டி

சிறப்புப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலான மையங்களில் ஒரு நீள மேசை காத்திருக்கும். பேப்பர் கவர், மெழுகுவர்த்தி, பினாயில், மஞ்சப்பை. 18 வயதில் அங்கே உட்கார்ந்தவர் 35 வயதிலும் அங்கேயே இருப்பார். வெளி வேலைக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் "இன்னும் தயாராகல" என்று பதில் வரும்.

அந்த மேசையில் இருந்தால் அவர் என்றைக்கும் தயாராக மாட்டார். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதுதான் கடினம். மையத்தில் அழகாகக் கவர் ஒட்டுபவர், கடையில் வேறு அளவுக் கவரையும் வேறு மேசையையும் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். அதனால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் வேலை, பிறகு அந்த வேலை நடக்கும் இடத்திலேயே பயிற்சி. 1986-இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் இடம்பிடித்த 'சப்போர்ட்டட் எம்ப்ளாய்மெண்ட்' முறையின் அடிப்படை இதுதான். கூடவே போய்ச் சொல்லிக் கொடுத்து, பிறகு மெல்ல விலகி வருபவர்தான் ஜாப் கோச்.

இங்கே சொல்வதெல்லாம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களையும் தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் சூப்பர் மார்க்கெட்டையும் மனதில் வைத்துச் சொல்வது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு முதல் தடை வாசல்படி: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. காது கேளாதவருக்கு நேர்காணலுக்கே சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மனநோயிலிருந்து மீண்டு வருபவரின் விஷயத்தில், நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். அவை தனித்தனியாக எழுத வேண்டியவை.

காகித வேலை

யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஆதார், அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு, பி.எஃப். பிடிக்கும் நிறுவனமானால் பான் அட்டை. இந்த நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் போதும், சம்பளக் கணக்கு இரண்டு மாதம் தள்ளிப்போகும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. வேலை ஒதுக்கீடு போன்ற பலன்களுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும்.

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "வேலைக்குப் போனா மாசம் வர்ற 2,000 ரூபாய் நின்னுடுமா?" மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையைத்தான் சொல்கிறார்கள். இதற்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, பெற்றோர் கையில் கொடுங்கள். சொற்பத் தொகைதான், ஆனால் மாதம் தவறாமல் வருவது. நிலைக்குமா என்று தெரியாத வேலையை நம்பி அதை விடச் சொன்னால் எந்தத் தாயும் யோசிப்பார். அந்தப் பயத்தைத் தீர்க்காமல் வேலை தேடினால், எல்லாம் கூடிவரும் நேரத்தில் "இப்ப வேண்டாம் சார்" என்று வீட்டிலிருந்தே தடை வரும்.

ஆளைத் தெரிந்துகொள்வது

ஐ.க்யூ. சான்றிதழை வைத்து வேலை தேட முடியாது. ஒரு வாரம் அவர் போகும் இடங்களுக்கெல்லாம் கூடப் போங்கள்: வீடு, டீக்கடை, பஸ், கோயில், கல்யாணம். யாரும் சொல்லாமல் அவராகச் செய்வது என்ன? எவ்வளவு நேரம் நின்றபடி இருக்க முடிகிறது? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறாரா? கூட்டத்தில் ஒதுங்குகிறாரா, கலக்கிறாரா? செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குகிறவரை ஏதோ விளையாட்டு என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். அடுக்கும் வேலைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

"உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். பார்க்காத வேலையை யாராலும் விரும்ப முடியாது. கேட்பவர் முகத்தைப் பார்த்து, எது சொன்னால் சந்தோஷப்படுவார்களோ அதைச் சொல்வார். மூன்று வேலையிடங்களில் அரை நாள் வீதம் இருக்க வையுங்கள். எங்கே கிளம்பச் சொன்னபோது கிளம்பவில்லை, எங்கே பத்து நிமிடத்தில் வாசலைப் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அவருடைய பதில்.

வலிப்பு உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இருந்தால் ஏணி, அடுப்பு, வெட்டும் மெஷின் பக்கம் வேலை வேண்டாம். மாத்திரை போட்டபின் தூக்கக் கலக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்து ஷிஃப்டைப் பேசுங்கள். காலை 8 மணிக்கு மந்தமாகத் தெரிபவர் 11 மணிக்கு வேறு ஆளாக இருப்பார். ஷிஃப்டை மாற்றினாலே தீரும் பிரச்சினைக்குச் 'சோம்பேறி' என்று பட்டம் கட்டி வேலையை விட்டு எடுத்த சங்கதிகள் நிறைய.

வேலை தேடுவது

காலியிட விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள். விளம்பரத்தில் வரும் வேலை முழுசான வேலை: ஸ்டாக் எடுக்க வேண்டும், பில் போட வேண்டும், வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். நம் ஆளுக்கு அதில் ஒரு பகுதி மிக நன்றாக வரும், மற்றது வராது. ஆகவே தேட வேண்டியது, அந்தக் கடையில் தினமும் செய்ய வேண்டியிருந்தும் யாருக்கும் நேரமில்லாமல் கிடக்கும் வேலையை. பில் போடும் பெண் எழுந்துபோய் டிராலிகளைச் சேர்க்கிறாரா? சம்பளம் அதிகம் வாங்கும் மாஸ்டர் வெங்காயம் உரிக்கிறாரா? பேக்கரியில் பெட்டி மடிக்க ஆளில்லாமல் மாலை நெரிசலில் திண்டாடுகிறார்களா? அப்படிப்பட்ட இரண்டு மூன்று துண்டு வேலைகளைச் சேர்த்தால் நாலு மணி நேர வேலை ஒன்று உருவாகிவிடும். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவது, பேக்கிங். மருத்துவமனையில் துணி மடிப்பது. நர்சரியில் பை நிரப்புவது. எந்த ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். வார நாளில் காலை 11 மணி போல் போங்கள். மாத முதல் வாரம் மளிகைக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதமும் அப்படியே. "ஒரு வாய்ப்புக் கொடுங்க, புண்ணியமாப் போகும்" என்று ஆரம்பிக்காதீர்கள். புண்ணியத்துக்கு வேலை கொடுத்தவர் புண்ணியம் போதும் என்று தோன்றும் நாளில் நிறுத்திவிடுவார். இப்படிக் கேட்கலாம்: "சாயங்காலம் ரேக் காலியா இருக்கறத ரெண்டு நாளாப் பார்த்தேன். அத மட்டும் நிரப்ப, தினம் 10-லேர்ந்து 2 வரைக்கும் ஒருத்தர் வந்தா உங்களுக்கு உதவியா இருக்குமா? வேலை பழகற வரைக்கும் நானும் கூட நிப்பேன், அதுக்குத் தனியாப் பணம் வேண்டாம்."

சட்டத்தைச் சிறு கடையில் முதல் நாளே எடுத்து வைத்தால் பேச்சு முறிந்துவிடும். பெரிய நிறுவனத்தில் அதற்கு நேர்மாறு: 2016 சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைத்திருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் அந்த அலுவலரின் பெயரைக் கேட்டுப் பேச்சைத் தொடங்கினால் கதவு சீக்கிரம் திறக்கும்.

சம்பளத்தை முதல் பேச்சிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாலு மணி நேரமென்றால் நாலு மணி நேரத்துக்கு உரிய குறைந்தபட்சக் கூலி. 'வேகம் கம்மி' என்று முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. 'டிரெய்னி' என்ற சொல் வந்தால் உடனே முடிவுத் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தேதி போடாத டிரெய்னி ஐந்து வருடம் ஆனாலும் டிரெய்னிதான். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உள்ள நிறுவனமானால், அதில் சேர மாற்றுத்திறனாளிக்கு மாதச் சம்பள வரம்பு 25,000 ரூபாய், மற்றவர்களுக்கு 21,000. இது பல கணக்காளர்களுக்கே தெரிவதில்லை.

முதலில் நீங்கள் வேலை செய்யுங்கள்

ஆளை அழைத்துப்போவதற்கு முன் இரண்டு நாள் அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். வேடிக்கை பார்ப்பதில் பாதிதான் தெரியும். எங்கே குனிய வேண்டும், எந்த டிராலியின் சக்கரம் இழுக்கிறது, யார் பேச்சுக்கு அந்தக் கடையில் மதிப்பு, கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதெல்லாம் கையை நனைத்தால்தான் புலப்படும். பிறகு வேலையைப் படிகளாக உடைத்து எழுதுங்கள். அரைக் கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டுகளை ரேக்கில் நிரப்பும் வேலை தாளில் இப்படி வரும்:

1. குடோன் வாசலில் இருக்கும் டிராலியை எடுப்பது.
2. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை டிராலியில் வைப்பது.
3. நாலாவது வரிசைக்குத் தள்ளிப்போவது.
4. வழியை மறிக்காமல் ரேக்கை ஒட்டி நிறுத்துவது.
5. காலி கிரேட்டைக் கீழே வைப்பது.
6. தட்டில் மீதமுள்ள பாக்கெட்டுகளையெல்லாம் கிரேட்டுக்கு மாற்றுவது.
7. தட்டைத் துணியால் துடைப்பது.
8. புதுப் பாக்கெட்டுகளைப் பின்னாலிருந்து அடுக்குவது, பெயர் முன்னால் தெரிய.
9. கிரேட்டில் உள்ள பழைய பாக்கெட்டுகளை முன்னால் வைப்பது.
10. கிழிந்த பாக்கெட்டைச் சிவப்புக் கூடையில் போடுவது.
11. காலிப் பெட்டியைத் தட்டையாக மடிப்பது.
12. டிராலியைக் குடோனில் விடுவது.

இதில் பழசை முன்னாலும் புதுசைப் பின்னாலும் வைப்பதுதான் உயிர்நாடி. அது தவறினால் காலாவதிச் சரக்குப் பின்னால் தேங்கிக் கடைக்காரருக்கு நஷ்டம். கடையில் அனுபவமுள்ளவர்கள் 6-ஆம் படியைச் செய்ய மாட்டார்கள். ஒரு கையால் பழசை ஒதுக்கி மறு கையால் புதுசைத் திணிப்பார்கள். அதை அப்படியே சொல்லிக் கொடுத்தால் நம் ஆளுக்குக் குழப்பம்: தட்டின் உள்பக்கம் இருட்டு, பழசும் புதுசும் ஒரே மாதிரி, கை நடுவில் நின்றுவிடும். எல்லாவற்றையும் கிரேட்டுக்கு மாற்றச் சொன்னால் ரேக்குக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆனால் தப்பு போய்விடும். தேதியும் அப்படியே. பாக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சான தேதியைப் படிக்கப் பழக்கி மாதங்களை வீணாக்காதீர்கள். சரக்கு வந்து இறங்கும்போதே பெட்டி மேல் மாதத்துக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். இந்த மாதம் பச்சை, அவ்வளவுதான். ஆளுக்கு ஏற்றபடி வேலையிடத்தில் செய்யும் இப்படிப்பட்ட சிறு மாற்றத்தைச் சட்டம் 'நியாயமான இசைவாக்கம்' என்கிறது. செலவு ஒரு ஸ்டிக்கர் ரோல். கொஞ்ச நாளில் மற்ற ஊழியர்களும் அந்த நிறத்தைப் பார்த்தே பெட்டி எடுக்க ஆரம்பிப்பார்கள்.

சொல்லிக் கொடுப்பதில் பாதி, சும்மா இருப்பது

புதிதாக வரும் ஜாப் கோச்சின் பெரிய குறை, வாய் ஓயாதது. "பெட்டிய எடு, ம்ம், அப்படித்தான், இப்ப தள்ளு, பாத்து, பாத்து..." இப்படிப் பேசினால் அவர் கற்றுக்கொள்வது ரேக் நிரப்புவதை அல்ல, உங்கள் குரலுக்குக் காத்திருப்பதை. ஒரு படியில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நாலில் கை நகரும். நகராவிட்டால் அடுத்த பொருளைப் பார்வையால் காட்டுங்கள், பிறகு விரலால், பிறகு "அடுத்து?" என்ற ஒரே சொல். அதற்கும் ஆகாவிட்டால் ஒரு தடவை நீங்கள் செய்து காட்டுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது கடைசி, அதுவும் கேட்டுவிட்டு.

நிற்கும் இடமும் பாடம்தான். முகத்துக்கு எதிரே நிற்காதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று தேடுவார். பக்கவாட்டில் ஓரடி பின்னால் நில்லுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கைதட்டாதீர்கள். 24 வயது ஆள் அவர். கடையில் மற்றவர்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை. தட்டினால் அன்றைக்கே அவர் அந்தக் கடையின் 'குழந்தை' ஆகிவிடுவார். "பையன்", "பாப்பா" எல்லாம் வேண்டாம். பெயர் சொல்லி, 'வாங்க போங்க' என்று நீங்கள் பேசினால் மற்றவர்கள் வாயிலும் அதுவே வரும். நீங்கள் 'டா' போட்டால் கடை முழுக்க 'டா' போடும்.

தினமும் 12 படிகளில் எத்தனை படிகளை உதவியில்லாமல் செய்தார் என்று ஒரு தாளில் குறியுங்கள். முதல் நாள் 4, பத்தாம் நாள் 9 என்று ஏறும். ஒரே படியில் ஐந்து நாள் சிக்கினால் குறை பெரும்பாலும் ஆளிடம் இல்லை, அந்தப் படியில். அதை இரண்டாக உடையுங்கள், அல்லது பொருளின் இடத்தை மாற்றுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 11-க்குக் குறையாமல் வந்தால் நீங்கள் நகர வேண்டிய நேரம்.

பஸ்

வேலை தெரிந்தும் வேலை போவதற்குப் பெரிய காரணம் பயணம்தான். அப்பா பைக்கில் கொண்டுவந்து விடும் வேலை, அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று நிற்கும். அரசுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை; அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

முதல் சில நாள் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்து இரண்டு சீட் பின்னால். அடுத்து பஸ்ஸின் பின்னால் பைக்கில். கடைசியில், இறங்கியதும் அவர் போன் செய்வது மட்டும். வண்டி எண்ணைப் படிக்க வராவிட்டால் அந்த எண்ணை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து, வண்டியின் நெற்றியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இறங்கும் இடத்துக்கு அடையாளம் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பலகையை நம்பாதீர்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். கோயில் கோபுரம், பாலம், தண்ணீர்த் தொட்டி நகராது. வேண்டுமென்றே ஒரு நாள் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்க வைத்து, யாரிடம் கேட்பது, யாருக்குப் போன் செய்வது என்று பழக்குங்கள். பயிற்சியில் ஒருமுறைகூட வழி தவறாதவர், நிஜமாகத் தவறும் நாளில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

விலகுவது

ஃப்ளோர் சூப்பர்வைசர் உங்களைப் பார்த்து, "இவரை மூணாவது ரேக்குக்குப் போகச் சொல்லுங்க" என்பார். அங்கேதான் சோதனை. "நீங்களே சொல்லுங்க சார், கேப்பாரு" என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து நேராக ஆணை வரும் நாளில்தான் நம் ஆள் அந்தக் கடையின் ஊழியர் ஆகிறார். ஒரு சமயத்தில் ஒரே வேலை, நீளமாகச் சொல்லக் கூடாது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்: சூப்பர்வைசருக்கு இந்த மூன்றும் போதும்.

டீ நேரத்தில் நீங்கள் அவரோடு உட்காராதீர்கள். உட்கார்ந்தால் வேறு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். இயல்பாகவே அக்கறை காட்டும் ஒருவர் எந்தக் கடையிலும் இருப்பார், பெரும்பாலும் பில்லிங்கிலோ குடோனிலோ வெகுகாலமாக இருக்கும் ஓர் அக்கா. அவரை நீங்கள் நியமிக்க வேண்டாம், கண்டுபிடித்தால் போதும்.

கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் இரண்டு வாரம் முழு நேரம். அடுத்த இரண்டு வாரம் தொடக்கத்தில் ஒரு மணி நேரம், முடிவில் அரை மணி நேரம். இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாம் மாதம் வாரம் ஒருமுறை. பிறகு மாதம் ஒரு நடை, இடையில் ஒரு போன். நீங்கள் விலகப்போவது எந்த நாளிலிருந்து என்று கடையிலும் வீட்டிலும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நழுவினால் கைவிட்டதாக ஆகும்.

எங்கே உடையும்

முதல் மாதம் எல்லாருக்கும் உற்சாகம். இரண்டாம் மாதத்தில் சத்தமில்லாமல் வேகம் குறையும், கழிப்பறையில் நேரம் கூடும். புதுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே அறிவுரை வேண்டாம். வேலையின் வரிசையை மாற்றுங்கள், அல்லது இரண்டாவதாக ஒரு சின்ன வேலையைச் சேர்த்துக் கொடுங்கள்.

சம்பள நாள் தனிக் கதை. மொத்தப் பணமும் வீட்டுச் செலவில் கரைந்தால், உழைப்புக்கும் காசுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாமலே போகும். அவர் கையால் எடுத்து, அவர் விரும்பியதை அவரே வாங்கச் சிறு தொகையாவது இருக்கட்டும். வீட்டாரிடம் முதல் சம்பளத்துக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். கூட வேலை செய்பவர் "ஒரு ஐநூறு இருந்தாக் குடு, அடுத்த வாரம் தர்றேன்" என்று கேட்பதும் நடக்கும். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு வரியைப் பத்துத் தடவை நடித்துப் பழக்குங்கள்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சொல்லாமல் பத்து நாள் கூட்டிப்போவது, வேலையைக் கொல்லும் இன்னொன்று. விடுப்பு கேட்கும் வரியை அவரே சூப்பர்வைசரிடம் சொல்லட்டும்.

பெண்களை அனுப்பும்போது கழிப்பறை, உடை மாற்றும் இடம், இருட்டுவதற்குள் வீடு திரும்பும் நேரம் மூன்றையும் நீங்களே நேரில் பாருங்கள். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இருக்கிறதா, தலைவர் யார் என்று கேட்டுக் குறியுங்கள். யார் எங்கே தொடலாம், கூடாது என்பது ஆண், பெண் இருவருக்குமே முதல் வாரப் பாடம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சூப்பர்வைசர் மாறும் நாள். பழையவர் புரிந்து வைத்திருந்ததெல்லாம் அவரோடு போய்விடும். புதியவர் முதல் வாரமே போன் செய்து, "இவருக்குச் சொன்னாப் புரியல சார்" என்பார். அதனால் கடையில் ஒரு பக்கத் தாள் ஒன்று இருக்கட்டும்: எப்படிச் சொன்னால் புரியும், எதனால் பதறுவார், பதறினால் என்ன செய்வது (பத்து நிமிடம் குடோனில் தனியாக விட்டால் பெரும்பாலும் போதும்), மாத்திரை நேரம், வீட்டு எண், உங்கள் எண். கடை ரேக்குகளை இடம் மாற்றினாலும், பண்டிகைக்காக நேரத்தைக் கூட்டினாலும் இரண்டு நாள் போய் நில்லுங்கள். பழைய 12 படித் தாளையும் கையோடு எடுத்துப்போங்கள். மூன்றாம் படியில் 'நாலாவது வரிசை' என்று இருப்பதை 'ஏழாவது வரிசை' என்று திருத்தி, அந்த ஒரு படியை மட்டும் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் போதும்.